புதுவைக் கரையும் உள்வாழ் பாக்டீரியாக்களும்

வேர், தண்டு, இலை, விதை ஆகியவற்றின் உள்ளே, செடிக்கு நோய் தராமல் வாழும் நுண்ணுயிர்களே உள்வாழ் பாக்டீரியாக்கள். இவற்றுள் சில செல்களுக்கு இடையிலும் சாற்றுக் குழாய்களிலும் பரவி வாழும். சில வேரில் முடிச்சு உண்டாக்கி அதற்குள் தங்கும். ஆய்வாளர்களில் ஒரு சாரார் முதல் வகையை மட்டுமே இப்பெயரால் அழைப்பர். ஆனால் புதுச்சேரியையும் அதைச் சூழ்ந்த பழைய தென்னார்க்காட்டுக் கரையையும் வைத்து இவற்றின் வரலாற்றைச் சொல்வதானால் வேர்முடிச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுவைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய சரக்குகளில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று, ‘கினே’ என்று பெயர் பெற்ற நீலச்சாயத் துணி. இது மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போய், அங்கே அரேபியப் பிசினுக்கு மாற்றாகக் கைமாறியது. அதன் நீலம் அவுரிச் செடியில் பிறந்தது. மற்றொன்று, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்ற மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. அவுரியும் மல்லாட்டையும் அவரைக் குடும்பத்தவை. இரண்டின் வேரிலும் முடிச்சு உண்டு. அவற்றுள் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தழைச்சத்தாகத் தருகின்றன. சாயம் இறக்கிய பிறகு எஞ்சும் அவுரித் தழையை உழவர்கள் வயலுக்கு எருவாக இட்டார்கள். துறைமுகக் கணக்கில் துணியும் கொட்டையும் பதிவாயின. மணல் கலந்த வறிய நிலத்தில் அவற்றை விளைய வைத்த உயிர்களைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு வரியும் இல்லை.

அதே காலத்தில், செடிக்குள் நுண்ணுயிர் வாழுமா என்பதைப் பற்றியே பிரான்சில் ஒரு வாக்குவாதம் நடந்தது. நலமுள்ள செடியின் உள்ளே நுண்ணுயிர் இராது என்பது லூயி பாஸ்டரும் அவரைச் சார்ந்தவர்களும் கொண்டிருந்த கருத்து. விக்தோர் கலிப் என்ற மருத்துவர் 1887இல் காய்கறிகளின் உட்பகுதியில் பாக்டீரியாக்களைக் கண்டதாகவும், அவை மண்ணிலிருந்து நுழைந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார். வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று அதை மறுத்தார்கள். கலிப்பின் பெயர் நெடுங்காலம் மறக்கப்பட்டது. நுண்ணுயிரியல் அவருக்குச் செய்த நியாயம் மிகவும் தாமதமானது.

வேர்முடிச்சைப் பற்றிய அறிவு விரைவாக முன்னேறியது. ஜெர்மானியரான ஹெல்ரீகல், 1886இல் பெர்லினில் கூடிய அறிஞர்கள் முன்னிலையில், பட்டாணி போன்ற பயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பெறுவதற்கு முடிச்சிலுள்ள நுண்ணுயிர்களே காரணம் என்று அறிவித்தார். 1888இல் ஹாலந்தின் பெயரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே வளர்த்துக் காட்டினார்.

மல்லாட்டை வேருக்குள் முடிச்சுப் பாக்டீரியா நுழையும் வழி வியப்பானது. பட்டாணியில் பாக்டீரியா வேர்த்தூவி வழியாகப் போகும். மல்லாட்டையிலோ, பக்கவேர் முளைக்கும் இடத்தில் உண்டாகும் சிறு வெடிப்பின் வழியாக நுழைந்துவிடும். முடிச்சு இல்லாத பயிர்களிலும் பல உள்வாழ் பாக்டீரியாக்கள் இத்தகைய வெடிப்புகளையே வாசலாகக் கொள்கின்றன. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெடும். அதனால் முடிச்சுக்குள் ஆக்சிஜனைக் கட்டுப்படுத்த, நம் இரத்தத்தில் உள்ளதற்கு உறவான ஒரு சிவப்புப் புரதத்தைச் செடி தயாரிக்கிறது. வயலில் ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று அறியலாம்.

மரக்காணம் முதல் கடலூர் வரையிலான கரையில் சவுக்குத் தோப்பு இல்லாத நிலப்பரப்பை நினைத்துப் பார்ப்பது கடினம். சவுக்கு அவரைக் குடும்பத்து மரமன்று. ஆனாலும் அதன் வேரிலும் முடிச்சு உண்டு. உள்ளே இருப்பது பிராங்கியா என்ற நூலிழை வடிவப் பாக்டீரியா. வெறும் மணலில் நட்ட கன்று சில ஆண்டுகளில் கழியாகவும் விறகாகவும் காகிதக் கூழாகவும் விலைபோகும் அளவுக்கு வளர்வதில் இதற்குப் பெரும் பங்குண்டு. பிராங்கியாவுக்குப் பெயரிடப்பட்டது 1886இல். ஆய்வகத்தில் அதை ஐயமறத் தனித்து வளர்த்தது 1978இல், அமெரிக்காவில். சவுக்கின் பிராங்கியாவை 1980களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தவர்கள் டொம்மெர்க் குழுவினர், செனகலின் டக்கார் நகரில் பணியாற்றிய பிரெஞ்சு ஆய்வாளர்கள். புதுவையின் நீலத்துணி போய்ச் சேர்ந்த அந்த நாட்டிலும் கடற்கரை மணற்குன்றுகளை நிறுத்தச் சவுக்குதான் நடப்பட்டது. இதே டொம்மெர்க்கும் டிரெஃபூஸும் 1981இல் தண்டிலேயே முடிச்சு விடும் ஒரு செனகல் செடியைப் பற்றி எழுதினார்கள். தமிழக உழவர்கள் அதை மணிலா அகத்தி என்ற பெயரில் நெல்லுக்குப் பசுந்தாள் உரமாக விதைக்கிறார்கள். சவுக்குக்குத் திரும்பினால், நாற்றங்காலில் முற்றிய முடிச்சுகளை நசுக்கிக் கலப்பதே கன்றுகளுக்குப் பிராங்கியாவைச் சேர்க்கும் எளிய முறை.

முடிச்சே இல்லாத கரும்பிலும் இத்தகைய உதவி உண்டு என்பதற்கு 1988இல் ஒரு முக்கியச் சான்று கிடைத்தது. பிரேசிலில் யோகன்னா டோபரைனரும் கவல்காந்தியும், கரும்பின் உள்ளே சர்க்கரைச் சாற்றில் செழித்து நைட்ரஜனைப் பிடிக்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டு சொன்னார்கள். குளுக்கோனசெட்டோபாக்டர் என்பது அதன் இன்றைய பெயர். கரணை வழியாகவே இது அடுத்த பயிருக்குப் போய்விடும். செங்கல்பட்டில் முத்துக்குமாரசாமியும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தியக் கரும்பு ரகங்களில் இதைத் தேடி, 1999இல் வெளியிட்ட ஆய்வு கவனிக்கத்தக்கது. தழைச்சத்து உரத்தை அதிகமாக இட்ட கரும்பில் இந்தப் பாக்டீரியா அரிதாகவே கிடைத்தது. மூட்டை மூட்டையாக யூரியா போட்டுவிட்டு இதையும் வாங்கி ஊற்றுவது வீண் செலவு.

கடலூரைத் தாண்டி, சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பிச்சாவரம் இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. அங்கே அலையாத்திக் காட்டுச் சேற்றில், உப்புநீரில் நனைந்தபடி ஒரு காட்டு நெல் வளர்கிறது. அதன் வேரிலும் தண்டிலும் கிடைத்த ஒரு பாக்டீரியா, உப்பைத் தாங்கிக்கொண்டே நைட்ரஜனைப் பிடிக்கிறது. கரையாத மணிச்சத்தையும் கரைக்கிறது. சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த லோகநாதனும் சுதா நாயரும் 2004இல் அதைப் புதிய பேரினமாக விவரித்து, ‘சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ்’ என்று பெயரிட்டார்கள். புதுவைப் பிள்ளையார்குப்பத்தில் உயிரி மையம் நடத்திவரும் நிறுவனமும் இதுவே. 2010இல் அதே காட்டு நெல்லிலிருந்து ‘மாங்குரோவிபாக்டர்’ என்ற இன்னொரு பேரினமும் கிடைத்தது. கடல்நீர் ஏறி உவர்ப்பாகும் கரையோர வயல்களுக்கு இவை உதவக்கூடும் என்ற நம்பிக்கை ஆய்வின் பின்னணியில் இருக்கிறது.

ஊட்டம் தருவது ஒரு பயன் என்றால், நோயைத் தடுப்பது இன்னொன்று. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பி.எஃப்.1’ சூடோமோனாஸ் பாக்டீரியா இன்று நெல் விதை நேர்த்தியில் பழகிய பெயர். திசு வளர்ப்பு வாழைக் கன்றுகள் மண்ணுக்கு வரும்போது உள்வாழ் துணையைப் பெரும்பாலும் இழந்தே வருகின்றன. ஆய்வகத்தின் தூய்மையே அவற்றுக்குக் குறையாகிறது. சூடோமோனாஸோடு வாழைக்குள் வாழும் பாசில்லஸையும் கன்றுப் பருவத்திலேயே ஊட்டினால், மலைவாழையை அழித்துவந்த முடிக்கொத்து வைரஸ் நோய்க்கு எதிர்ப்பு கூடுகிறது என்று 2008இல் அதே பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். வைரஸைப் பாக்டீரியா நேரே கொல்வதில்லை. செடியின் தற்காப்பை முன்கூட்டியே விழிக்கச் செய்கிறது.

இத்தகைய பாக்டீரியாக்களைக் கொண்டு விற்கப்படும் உயிர் உரங்களை இந்திய அரசு 2006இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் சேர்த்தது. தூள் வடிவில் கிராமுக்கு 5 கோடி, திரவ வடிவில் மில்லிலிட்டருக்கு 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச அளவு. கோடை வெயிலில் கடை வாசலில் கிடந்த பொட்டலத்தில் இந்த அளவு மிஞ்சாது. ஆதலால் காலாவதி நாளைப் பார்த்து வாங்கி, நிழலில் வைத்திருந்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து மல்லாட்டை விதையின் மேல் பூசி, நிழலிலேயே உலர்த்தி 24 மணி நேரத்துக்குள் விதைக்கச் சொல்கிறார்கள். பூஞ்சாணக் கொல்லி கலந்த விதையானால் ஒரு நாள் கழித்தே பாக்டீரியாவைச் சேர்க்க வேண்டும்.