மணல்வாழ் நட்சத்திர மீன்களும் அவற்றை வகுத்த வரலாறும்

கரைவலை இழுத்து முடிந்த இடத்தில் சற்று நின்று பார்ப்போமானால், மீனும் இறாலும் கூடைக்குச் சென்ற பின்னர் மணலில் எஞ்சிக் கிடக்கும் சில உயிர்களைக் காணலாம். நண்டுக் குஞ்சுகள், வெற்றுச் சிப்பிகள், பாசி ஆகியவற்றினிடையே கைகளை விரித்துக் கிடக்கும் நட்சத்திர மீன்களும் இருக்கும். அவற்றை உண்பாரும் இல்லை. விலைக்குக் கொள்வாரும் இல்லை. சோழமண்டலக் கரையில் இவ்வாறு ஒதுக்கி எறியப்படுபவற்றுள் ஆஸ்ட்ரோபெக்டன் இண்டிகஸ் என்னும் இனம் ஒன்று. அதன் ஐந்து கைகளின் ஓரங்களிலும் சீப்பின் பற்களைப் போல முட்கள் நிரையாக நிற்கும். லூயிடியா மாகுலேட்டா என்னும் மற்றோர் இனத்திற்கோ கைகள் பெரும்பாலும் எட்டு. பெயரில் மீன் என்று இருப்பினும் இவை மீன்கள் அல்ல. கடலட்டையோடும் கடல் முள்ளெலியோடும் சேர்த்து எண்ணப்படும் முட்தோலிகள்.

உயிருள்ள ஆஸ்ட்ரோபெக்டன் ஒன்றை எடுத்து, கடல்நீரும் மணலும் நிரம்பிய தொட்டியில் விட்டால், அது அங்குமிங்கும் ஓடாது. கைகளின் அடியிலுள்ள மணலைப் பக்கங்களில் தள்ளித் தள்ளி, நின்ற இடத்திலேயே அமிழ்ந்து, சில நிமிடங்களில் மறைந்துவிடும். பாறையைப் பற்றி வாழும் நட்சத்திர மீனுக்கு இந்த வித்தை தெரியாது. இரண்டும் ஒரே குலத்தவை. ஆயினும் உடலமைப்பில் வேறுபாடுகள் பல.

பாறைவாழ் நட்சத்திர மீனின் குழாய்க்கால்கள் நுனியில் ஒட்டும் வட்டுகளைக் கொண்டவை. மணலில் வாழ்வனவற்றின் குழாய்க்கால்கள் கூர்நுனியாக முடிகின்றன. ஒட்டும் வட்டு இல்லை. முன்னது தன் இரைப்பையை வாய்வழியே வெளியே நீட்டிச் சிப்பிக்குள் செலுத்தி, இரையை அதன் வீட்டிலேயே செரித்துக்கொள்ள வல்லது. ஆஸ்ட்ரோபெக்டனோ சிறு சிப்பிகளையும் நத்தைகளையும் ஓட்டோடு விழுங்கிச் சதையைச் செரித்தபின், ஓட்டை வாய்வழியே உமிழ்கிறது. உமிழ்வதற்குக் காரணம், அதற்கு மலவாய் இல்லை. இளமைப் பருவத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. நட்சத்திர மீன்களில் பலவற்றின் லார்வாக்கள் கடலில் மிதந்து திரிந்தபின், தரையைப் பற்றிக்கொள்வதற்கென்று ஒட்டும் உறுப்புகளை வளர்த்துக்கொள்கின்றன. ஆஸ்ட்ரோபெக்டனுக்கும் லூயிடியாவுக்கும் அந்த நிலையே இல்லை.

இல்லாதவற்றைச் சொன்னோம், இருக்கும் ஒன்றையும் சொல்லவேண்டும். இவற்றின் முதுகை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினால், சுண்ணாம்புத் தூண்கள் நெருக்கமாக நிற்பதும், ஒவ்வொரு தூணின் தலையிலும் நுண்முட்கள் குடைபோல் விரிந்திருப்பதும் புலனாகும். குடைகள் ஒன்றையொன்று தொட்டு ஒரு கூரையாகின்றன. மேலே மணல் மூடியிருப்பினும் கூரையின் கீழ் நீர் தடையின்றி ஓடுகிறது; மூச்சுவிடும் மெல்லிய தோல் உறுப்புகள் அந்த நீரில் பாதுகாப்பாக இருக்கின்றன. இத்தூணுக்குப் பாக்ஸில்லா என்று பெயர். சிறு முளை என்பது அதன் பொருள்.

ஒட்டும் வட்டு இல்லை, மலவாய் இல்லை, இரைப்பையை வெளியே நீட்டும் வன்மை இல்லை, லார்வாவுக்குப் பற்றும் நிலை இல்லை. இத்தனை 'இல்லை'களும் ஒரே உடலில் வந்து கூடியது எவ்வாறு? நட்சத்திர மீன்களின் ஆதி முன்னோருக்கே இவை இல்லையா? அன்றி, முன்னோருக்கு இருந்தவை மணலில் புகுந்த வாழ்வினால் இழக்கப்பட்டனவா? முன்னது உண்மையாயின், கரையில் நாம் மிதித்துச் செல்லும் இப்பிராணி நட்சத்திர மீன் குலத்தின் மூத்த கிளை. பின்னது உண்மையாயின், அது நன்கு தேர்ந்த மணல்வாசியேயன்றி மூத்ததன்று. இந்த ஒரு வினாவைச் சுற்றியே இவற்றின் வகைப்பாட்டு வரலாறு சுழன்று வந்திருக்கிறது.

வரலாற்றின் தொடக்கத்தில் நாம் காண்பவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மருந்து வணிகர் ஒருவர். ஜோஹான் ஹைன்ரிக் லிங்க் என்னும் அவர் 1733-இல் கடல் நட்சத்திரங்களைப் பற்றிப் பெரியதொரு இலத்தீன் நூலை வெளியிட்டார். ஓரத்து முட்களைச் சீப்பாகக் கண்டு ஆஸ்ட்ரோபெக்டன், அதாவது நட்சத்திரச் சீப்பு, என்னும் பெயரை வழங்கியவர் அவரே. கால் நூற்றாண்டு கழித்து, 1758-இல், லின்னேயஸ் எல்லா நட்சத்திர மீன்களையும் அஸ்டேரியாஸ் என்ற ஒரே பேரினத்தில் அடக்கிவிட்டார். மணலில் வாழ்வதும் பாறையில் வாழ்வதும் அங்கே ஒன்றாய் நின்றன.

அவற்றைப் பிரிக்கும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது. 1839-இல் பிரிட்டிஷ் இயற்கை நூலார் எட்வர்டு ஃபோர்ப்ஸ், லூயிடியா என்னும் பேரினத்தை நிறுவினார். ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் காட்சிசாலையின் காப்பாளராயிருந்து 1709-இல் மறைந்த வேல்ஸ் நாட்டறிஞர் எட்வர்டு லூயிடின் நினைவாக இட்ட பெயர் அது. லூயிடியாவைப் பிடிக்க ஃபோர்ப்ஸ் பட்ட பாட்டை அவரே நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். முதன்முறை கிடைத்தது படகிலேயே துண்டு துண்டாய் உடைந்து போயிற்று. மறுமுறை, உடையுமுன் கொன்றுவிடலாம் என்று வாளி நிறைய நன்னீரோடு காத்திருந்தார். வலை நீர்மட்டத்துக்கு வந்ததும் அது உடையத் தொடங்கிவிட்டது. கண்புள்ளி உள்ள ஒரு கைத்துண்டே அவர் கையில் சிக்கியது. அக்கண் தம்மை ஏளனம் செய்து சிமிட்டியதுபோல் அவருக்குத் தோன்றிற்றாம்!

1842-இல் ஜெர்மானியர்களான ம்யூல்லர், ட்ரோஷெல் இருவரும் குழாய்க்கால்கள் எத்தனை நிரை, மலவாய் உண்டா இல்லையா என்னும் இரு குறிகளைக் கொண்டு நட்சத்திர மீன்களைக் குடும்பங்களாகப் பகுத்தனர். மலவாய் அற்றவை என்று ஆஸ்ட்ரோபெக்டனும் லூயிடியாவும் ஒரே குடும்பத்தில் வந்து சேர்ந்தன. 'இல்லை' என்பதே இங்கு இனங்காட்டும் அடையாளமாயிற்று. பிரெஞ்சு நாட்டுப் பெரியே 1884-இல் இடுக்கி உறுப்புகளையும் எலும்புத் தகடுகளையும் ஆராய்ந்து வரிசைகளை வகுத்தபோது, பாக்ஸில்லாக்களை உடையவற்றைத் தனி வரிசையாக்கினார். பாக்ஸிலோசிடா என்று இன்று வழங்கும் வரிசையின் பிறப்பு அதுவே. இம்முறை 'இருப்பது' அடையாளமாயிற்று.

அதற்குள் ஆழ்கடலும் திறந்துவிட்டது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொணர்ந்த நட்சத்திர மீன்களை ஆராய்ந்து, ஸ்லேடன் 1889-இல் பேரறிக்கை ஒன்றை வெளியிட்டார். அவற்றுள் வியப்புக்குரியவை போர்ஸெலனாஸ்டர் குடும்பத்தவை. பீங்கான் நட்சத்திரம் என்பது பெயர்ப்பொருள். பல்லாயிரம் அடி ஆழத்துச் சேற்றில் புதைந்து, அச்சேற்றையே விழுங்கி, அதிலுள்ள உணவைப் பிரித்துக்கொள்பவை இவை. கைகளுக்கிடையே ஓரத்தகடுகளில் சல்லடை போன்ற உறுப்புகள் அமைந்து நீரோட்டத்தை உண்டாக்குகின்றன. வடகடல்களின் குளிர்ந்த சேற்றிலோ டெனோடிஸ்கஸ் என்னும் சேற்று நட்சத்திரம் வாழ்கிறது. அது முதுகின் நடுவிலுள்ள கூம்பை உயர்த்தி, மேலுள்ள நீரோடு தொடர்பு கொள்ளும். மணலுக்கு ஒரு கருவி, சேற்றுக்கு வேறொரு கருவி. புதைந்து வாழும் வாழ்க்கை ஒன்றுதான்.

நம் கடல்களும் இவ்வரலாற்றில் பங்கு பெற்றன. சென்னை அருங்காட்சியகத் தலைவர் எட்கர் தர்ஸ்டன் தூத்துக்குடியில் திரட்டிய முட்தோலிகளைப் பற்றி ஜெஃப்ரி பெல் 1888-இல் இலண்டனில் அறிக்கை எழுதினார். அதே ஆண்டில், சராசின் அறிஞர்கள் இலங்கையில் சேகரித்தவற்றை ஆராய்ந்த டோடர்லைன் ஆஸ்ட்ரோபெக்டன் இண்டிகஸைப் பெயரிட்டு விளக்கினார். இன்வெஸ்டிகேட்டர் என்னும் இந்திய அரசின் கடலாய்வுக் கப்பலில் மருத்துவரும் இயற்கை ஆராய்ச்சியாளருமாகப் பணியாற்றிய ஆல்காக், 1893-இல் அக்கப்பலின் ஆழ்கடல் நட்சத்திர மீன்களைத் தொகுத்து எழுதினார். அதற்கு ஈராண்டு முன்பே அவரும் வுட்-மேசனும் பெர்ஸெஃபோனாஸ்டர் என்ற புதிய பேரினத்தை நிறுவியிருந்தனர். கல்கத்தா அருங்காட்சியகத்தின் ஆழமற்ற கடல் நட்சத்திர மீன்களைப் பிரெஞ்சு அறிஞர் கோலர் 1910-இல் விவரித்தார்.

நிற்க. பெயரிடும் பணி வளர வளர, பழைய வினா மேலும் கூர்மையாயிற்று. 1920-களில் இரு பெரும் அறிஞர் நேருக்கு நேர் வாதிட்டனர். கோபன்ஹேகனைச் சேர்ந்த மார்ட்டென்சன், ஒட்டும் வட்டும் பற்றும் லார்வா நிலையும் இல்லாமை ஆதிநிலையே என்றார். மேக்பிரைடு அதை மறுத்து, இவையெல்லாம் மணல் வாழ்வினால் நேர்ந்த பிற்கால மாற்றங்கள் என்றார். ஒரே உடலை, ஒரே லார்வாவைக் கண்டவர்கள் இரு வேறு வரலாறுகளை அதில் படித்தனர்.

1962-இல் இவ்வாதம் எதிர்பாராத திருப்பத்தை அடைந்தது. மெக்சிகோவின் பசிபிக் கரையைச் சார்ந்த பிளாட்டாஸ்டேரியாஸ் என்னும் அரிய நட்சத்திர மீனுக்குக் கைகள் இதழ்போல் அகன்றிருக்கும். நியூசிலாந்து விலங்கியலார் பேரக்ளஃப் ஃபெல் அதன் தகடுகளின் அடுக்கை ஆராய்ந்து, ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் காணும் சோமாஸ்டெராய்டு என்னும் தொல்வகையின் எஞ்சிய உயிர் இதுவே என்று அறிவித்தார். லூயிடியாவின் குடும்பத்தையே தொல்லுயிர் வரிசை ஒன்றில் சேர்க்கும் முயற்சியும் எழுந்தது. மணலில் ஒரு வாழும் பழம்பொருள் கிடைத்துவிட்டது என்ற செய்தி யாரையும் கவரக் கூடியதே.

ஆனால் 1961-இல் போர்ஸெலனாஸ்டர் குடும்பத்தை முழுமையாக ஆராய்ந்து நூல் வெளியிட்டிருந்த டென்மார்க்கின் மேட்சன், 1966-இல் இக்கருத்தை மறுத்தார். 1972-இல் அமெரிக்கரான டேனியல் பிளேக் அதன் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து லூயிடியாவின் தகடுகளோடு ஒப்பிட்டார். முடிவு எளியதாக இருந்தது: பிளாட்டாஸ்டேரியாஸ் அகன்ற கைகளை உடைய ஒரு லூயிடியாவே. தொல்வகையோடு கண்ட ஒற்றுமை மேற்றோற்றமே.

எனினும் வாதம் அடங்கிவிடவில்லை. 1987 என்னும் ஒரே ஆண்டில் இரண்டு முழு வகைப்பாடுகள் வெளிவந்தன. ஆங்கிலேயர் ஆண்ட்ரூ கேல், பாக்ஸிலோசிடாவைப் பிற எல்லா நட்சத்திர மீன்களுக்கும் மூத்த கிளையாக வைத்தார். பிளேக்கோ அவற்றை வால்வட்டேசியா என்னும் பெரும்பிரிவின் உள்ளே, பிற்காலத்துக் கிளையாக வைத்தார். 1996-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் மரபணுச் சான்று கொண்டு மூத்த கிளை என்ற கட்சியை ஆதரித்தனர். பின்னர் மேலும் பல இனங்களை உட்படுத்திச் செய்த மரபணு ஆய்வுகள் பிளேக்கின் பக்கமே சாய்ந்தன. 2012-இல் மாவும் பிளேக்கும் உலக நட்சத்திர மீன்கள் அனைத்தையும் தொகுத்து நோக்கியபோது, அறியப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 1,900 என்று கணக்கிட்டனர். அவற்றுள் 350-க்கும் மேற்பட்டவை பாக்ஸிலோசிடா வரிசையினுடையவை. அவ்வரிசை வால்வட்டேசியாவினுள்ளே இடம் பெற்றது.

இதற்குத் துணைச்சான்று ஒன்று அந்தமான் கரைகளிலும் கிடைக்கிறது. ஆர்க்காஸ்டர் டிபிகஸ் என்னும் மணல்வாழ் நட்சத்திர மீன், முதல் நோக்கில் ஆஸ்ட்ரோபெக்டனின் உடன்பிறப்பு என்றே தோன்றும். அதே ஓரமுட்கள், அதே பாக்ஸில்லாக் கூரை. புரட்டிப் பார்த்தால் குழாய்க்கால்களில் ஒட்டும் வட்டுகள் உள்ளன, மலவாயும் உண்டு. அது வேறொரு வரிசையைச் சேர்ந்தது. தனித்தனி வழியில் வந்த இரண்டு பிராணிகளுக்கு மணல் ஒரே உடையை அணிவித்திருக்கிறது.

ஆகவே, ஓர் உயிரிடம் ஓர் உறுப்பு இல்லை என்ற ஒன்றைக்கொண்டு அது பழமையானது என்று முடிவு கட்டுதல் ஆகாது. ஒன்றும் பெறாதவனிடமும் கையில் காசு இராது. பெற்றதை இழந்தவனிடமும் இராது. இருவரையும் பிரித்தறிய அவர்கள் வந்த வழியை விசாரிக்கவேண்டும். வகைப்பாட்டு நூலார் இருநூறு ஆண்டுகளாகச் செய்துவந்தது இந்த விசாரணையே. உடலில் மரபு எழுதியது எது, மணல் எழுதியது எது என்று பிரித்துப் படிக்க அவர்கள் சிறிது சிறிதாகக் கற்றனர். பிழையாகப் படித்தவற்றைத் தாமே திருத்தியும் கொண்டனர்.

அடுத்த முறை கரைவலையின் அருகே நிற்கும்போது, ஒதுக்கி எறிந்த அந்தச் சிறு நட்சத்திரத்தை நாம் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். ஓரத்தில் லிங்க் கண்ட சீப்பு இருக்கும். பள்ளத்தில் மார்ட்டென்சனும் மேக்பிரைடும் வாதிட்ட கூர்நுனிக் கால்கள் அசையும். பார்த்தபின் அலையோரத்து ஈரமணலில் விட்டுவிடுவோம். அது புதையத் தொடங்கும்.