அலைவாங்கி: பாதி சொன்ன சொல்

காரின் முன்கண்ணாடியில், மேல்விளிம்பை ஒட்டிப் பொருத்தப்படும் இருவழி எச்சரிக்கைக் கருவியின் ஆன்டெனா உருவில் மிகச் சிறியது. அதனைக் கண்ணாடியில் ஒட்டுவதற்குக் காரணம் உண்டு. காரின் உலோக உடல் வானலையை மறிக்கும். கண்ணாடியே அதற்குத் திறந்த வாயில். உலோகப் பூச்சுள்ள நிழல்தாள் ஒட்டியிருந்தால் அவ்வாயிலும் அடைபடும். ஆகவே அத்தகைய தாளையும் ஓரத்து உலோகத் தூணையும் விலக்கி இடம் தேர்ந்து, கம்பியைத் தூணின் உறைக்குள் மறைத்துக் கருவியின் மையப்பெட்டியுடன் இணைப்பர்.

பழைய ஒருவழிக் கருவியில் சாவி கட்டளையிடும், கார் கேட்கும். கேட்டதா என்பதை ஒலிப்பான் எழுப்பும் ஓசையாலோ விளக்கின் சிமிட்டலாலோதான் உரியவர் அறிய இயலும். 1890களின் நடுவில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலையால் தொலைவில் மணியை ஒலிக்கச் செய்ததும் இவ்வகையே. அலை ஒரு திசையில் மட்டுமே சென்றது. அது சென்று சேர்ந்ததற்குச் சான்று காதில் விழுந்த மணியோசை. இருவழிக் கருவியோ அம்மறுமொழியையும் அலையாகவே திருப்பி அனுப்புகிறது. கதவு பூட்டியதையும் கண்ணாடி அதிர்ந்ததையும் செவிக்கு எட்டாத தொலைவில் உள்ளவரின் கையிலுள்ள கருவி அறிவிக்கிறது.

இங்கே ஒரு சொற்சிக்கல் எழுகிறது. ஆன்டெனாவுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘அலைவாங்கி’. லத்தீனில் ‘ஆன்டெனா’ பாய்மரக் கப்பலின் குறுக்குக் கழியைக் குறித்தது. பின்னர் பூச்சியின் உணர்கொம்பையும், அதன்பின் வானொலிக் கம்பியையும் குறித்தது. அது வடிவத்தைச் சொல்லும் பெயர். தமிழ்ச்சொல்லோ தொழிலைச் சொல்கிறது. அதிலும் பாதித் தொழிலை. அலையை நன்கு வாங்கும் ஆன்டெனா அதனை நன்கு விடுக்கவும் வல்லது என்பது இயற்பியல் விதி.

அந்தப் பாதியில் இந்திய வரலாற்றின் சாயல் உண்டு. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி வானொலிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. வீட்டு வானொலிக்கு அஞ்சலகத்தில் உரிமம் பெறும் வழக்கம் விடுதலைக்குப் பின்னும் பல்லாண்டு நீடித்தது. வாங்குவதற்கே இசைவு வேண்டியிருந்த நாட்டில் விடுப்பது அரசின் தனியுரிமையாகவே இருந்தது. 1942இல் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் மறைவிடங்களிலிருந்து காங்கிரஸ் வானொலியை நடத்தினர். நவம்பரில் பிடிபட்டுச் சிறை புகுந்தனர். அவர்கள் மீறியது அவ்வெல்லையைத்தான். மக்கள் கூரையில் கட்டிய கம்பி வாங்கியதேயன்றி விடுக்கவில்லை. அவர்களுடைய அனுபவத்துக்கு ‘அலைவாங்கி’ பிழையான சொல்லன்று.

1995இல் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கில், வானலைகள் பொதுச்சொத்து என அறிவித்தது. 2005இல் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை, வரையறுத்த திறனுக்கு உட்பட்ட கருவிகளுக்கு உரிமத் தேவையிலிருந்து விலக்கப்பட்டது. ஆயினும் விலக்கு வேறு, உரிமை வேறு. எந்த அலைவரிசையில், எவ்வளவு திறனில் விடுக்கலாம் என்பதை அரசே வகுக்கிறது. வேற்று நாட்டு விதிக்கேற்பச் செய்த எச்சரிக்கைக் கருவி இங்கே அப்படியே பொருந்திவிடும் என்று கொள்வதற்கில்லை.

கண்ணாடியில் ஒட்டிய அச்சிறு பொருள், வாங்குவதோடு நில்லாமல் விடுக்கவும் செய்கிறது. ‘அலைக்கம்பி’ என்னும் மற்றொரு வழக்கு திசை எதனையும் சுட்டாததால் இரு தொழிலுக்கும் இடந்தருகிறது. ‘அலைவாங்கி’ என்ற சொல்லையும் தள்ளிவிட வேண்டியதில்லை. கேட்பது மட்டுமே பொதுமக்களின் பங்காக இருந்த ஒரு காலத்தை அச்சொல் நினைவில் வைத்திருக்கிறது.