அமெரிக்காவில் இந்திய மளிகைக் கடைகள்

அமெரிக்காவில் இந்திய மளிகைக் கடைகள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்களின் சமையல் தேவைக்காக 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெருகிய வணிக நிலையங்கள். அரிசி, பருப்பு, மசாலாச் சாமான், ஊறுகாய், அப்பளம், கற்பூரம், ஊதுவத்தி எல்லாம் இங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். அங்குள்ள தமிழர்கள் பேச்சுவழக்கில் இவற்றை 'இந்தியன் ஸ்டோர்' என்கின்றனர்.

சட்டமும் கடையும்

இக்கடைகளின் வரலாறு குடியேற்றச் சட்டத்தின் வரலாற்றோடு பிணைந்தது. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர் குடியேறுவதை ஏறத்தாழ முற்றிலும் தடுத்தது. 1946-இல் கதவு சற்றே திறந்தது. ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறலாம் என்று ஒதுக்கீடு வந்தது. பரந்த நாடெங்கும் சிதறி வாழும் நூறு பேரை நம்பி யாரும் கடை வைக்க முடியாது. 1965 அக்டோபர் 3 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட புதிய சட்டம் நாட்டுவாரியான பழைய ஒதுக்கீட்டை ஒழித்தது. 1968-இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மருத்துவர்களும் பொறியாளர்களும் மாணவர்களும் வந்தனர். பிறகு அவர்களின் குடும்பங்களும் வந்தன. குடும்பம் வந்த பிறகுதான் அடுப்படியும் மளிகைப் பட்டியலும் உண்டாயின.

இதற்கு முன்னரே இந்தியருக்கு உதவிய கடை ஒன்று நியூயார்க்கில் இருந்தது. அதை இந்தியர் தொடங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. துருக்கியிலிருந்து வந்த ஆர்மீனியரான கெரோப் கலுஸ்தியான் 1944-இல் மேற்காசியச் சாமான்களுக்காக அதைத் தொடங்கினார். இந்தியர் வரவு கூடக்கூட இந்திய மசாலாக்களும் பருப்பும் அலமாரிகளை நிறைத்தன. லெக்சிங்டன் அவென்யூவில் கலுஸ்தியான்ஸ் இயங்கும் அதே கட்டடத்தில்தான் 1881-இல் செஸ்டர் ஆர்தர் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். அவர் பதவியேற்ற வீட்டில் இன்று பெருங்காயம் விற்கிறது! அதைச் சுற்றி இந்திய உணவகங்களும் கடைகளும் பெருகின. அருகிலுள்ள முர்ரே ஹில் என்ற பகுதியின் பெயரைத் திரித்து அந்த இடத்தை 'கறி ஹில்' என்று மக்கள் அழைக்கலாயினர்.

சிகாகோவின் டெவன் அவென்யூவில் 1974-இல் குஜராத்தைச் சேர்ந்த பட்டேல் சகோதரர்கள் ஒரு சிறு கடை திறந்தனர். அண்ணன் தம்பிகளில் ஒருவரான மஃபத் பட்டேல் 1968-இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்தவர். இன்று 'பட்டேல் பிரதர்ஸ்' 50-க்கு மேற்பட்ட கிளைகளுடன் இயங்குகிறது.

தமிழர் அடுப்படி

தொடக்ககாலக் கடைகளில் பல குஜராத்தியர் நடத்தியவை. துவரம் பருப்பும் கடலை மாவும் கோதுமை மாவும் அங்கே கிடைத்தன. இட்லி அரிசி எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே தமிழ்க் குடும்பங்கள் அமெரிக்கப் பேரங்காடியில் விற்ற 'அங்கிள் பென்ஸ்' புழுங்கல் அரிசியை ஊறவைத்து மாவரைத்தன. காலைக் கஞ்சிக்காக விற்கப்பட்ட 'கிரீம் ஆஃப் வீட்' உப்புமா ரவையாயிற்று. இந்த மாற்றுப் பொருள்களை ஒரு தலைமுறைப் பெண்களின் சமையலறை ஆராய்ச்சி என்றே கொள்ள வேண்டும். வரலாற்று நூல்கள் கடைக்காரரை நினைவில் வைக்கும் அளவுக்கு இவர்களை வைப்பதில்லை.

சிற்றூர்களில் இருந்தோர் வாரக் கடைசியில் பல மணி நேரம் காரோட்டி வந்து, மாதத்துக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கிச் சென்றனர். 20 பவுண்டு (சுமார் 9 கிலோ) அரிசி மூட்டையே கடைகளில் வழக்கமான அளவு. கடையில் சாமான் மட்டும் விற்கவில்லை. திரைப்பட வீடியோ கேசட் வாடகைக்குக் கிடைத்தது. கோயில் விழா, இசைக் கச்சேரி, வாடகைக்கு அறை என்ற துண்டுச் சீட்டுகள் வாசல் பலகையில் ஒட்டப்பட்டன. ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு முதலில் பேச்சுத் துணை கிடைத்த இடம் பல வேளைகளில் அந்தக் கல்லாப் பெட்டியின் முன்புறந்தான்.

1987-ஆம் ஆண்டு

கடைத்தெரு கண்ணில் படும்படி வளர்ந்ததும் வெறுப்பும் வந்தது. நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் 1987-இல் 'டாட்பஸ்டர்ஸ்' என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒரு கும்பல், இந்தியரை நகரை விட்டு விரட்டப்போவதாக உள்ளூர் நாளிதழுக்குக் கடிதம் எழுதியது. அப்பெயரில் உள்ள 'டாட்' பெண்கள் நெற்றியில் வைக்கும் பொட்டைக் குறித்தது. அதே ஆண்டு அருகிலுள்ள ஹோபோக்கனில் இந்தியர் ஒருவர் இளைஞர் கூட்டத்தால் தாக்கப்பட்டு இறந்தார். பொட்டு வைத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போவதே அச்சத்துக்குரியதாக இருந்த காலம் அது. ஆயினும் நூவர்க் அவென்யூவின் கடைகள் இடம்பெயரவில்லை. அத்தெருப் பகுதி இன்று 'இந்தியா ஸ்குயர்' எனப்படுகிறது.

கறிவேப்பிலையும் மாம்பழமும்

தமிழ்நாட்டில் காய்கறிக்காரர் கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலையை அமெரிக்காவில் சிறு பையில் அடைத்து விலைக்கு விற்கின்றனர். கறிவேப்பிலைச் செடி எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆரஞ்சுத் தோப்புகளை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒரு சிறு பூச்சி இச்செடியிலும் வாழும். அந்நோய் 2005-இல் புளோரிடாவில் கண்டறியப்பட்டது. இந்தியாவிலிருந்து பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவரத் தடை உண்டு. பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பறிமுதலாகும். அதனால் பல வீடுகளில் இது தொட்டிச் செடி. குளிர் மிகுந்த மாநிலங்களில் பனிக்காலம் முழுதும் அதைக் கூடத்துக்குள் வைத்துக் காக்கின்றனர்.

இந்திய மாம்பழமும் சுமார் 18 ஆண்டுகள் அமெரிக்காவுக்குள் நுழைய முடியவில்லை. நாசிக் அருகே லாசல்காவில் கதிர்வீச்சு முறையில் பூச்சி நீக்கிய பழங்கள் 2007 ஏப்ரலில் முதன்முதலாக வந்திறங்கின.

2023 அரிசித் தட்டுப்பாடு

உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவினுடையது. உள்நாட்டு விலையேற்றத்தைத் தடுக்க, 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்திய அரசு நிறுத்தியது. தெலுங்கரும் தமிழரும் அன்றாடம் உண்ணும் சோனா மசூரி இதில் அடங்கும். செய்தி பரவிய ஓரிரு நாளில் அமெரிக்கக் கடைகளில் நீண்ட வரிசைகள் நின்றன. ஒருவரே பல மூட்டைகளை வண்டியில் அடுக்கிச் சென்ற காட்சிகள் இணையத்தில் பரவின. சில கடைகள் குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று வரம்பு வைத்தன. சில கடைகள் விலையை உயர்த்தின. பொருளியல் நோக்கில் இந்த அவசரத்துக்குத் தேவை இருக்கவில்லை. ஏற்கெனவே கப்பலேறிய அரிசியும் கிடங்கில் இருந்த அரிசியும் அப்போதும் விற்பனைக்கு இருந்தன. தட்டுப்பாட்டைப் பெரும்பாலும் உண்டாக்கியவர்கள் அதற்கு அஞ்சியவர்களே. மறுபுறம், கடைக்குச் செல்ல இரண்டு மணி நேரம் காரோட்ட வேண்டியவர் ஒரு மூட்டை கூடுதலாக எடுத்ததைப் பேராசை என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

இட்லிக்கு வேண்டிய புழுங்கல் அரிசி இந்தத் தடைக்குள் வரவில்லை. ஆனால் ஆகஸ்டு 25 அன்று அதற்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. வெள்ளை அரிசிக்கான தடை 2024 செப்டம்பர் 28 அன்று நீக்கப்பட்டது.