ஏற்றப்பாட்டும் ஆலய இருக்கையும்

விதைக்கிறவன், புளித்த மாவு, தொலைந்த வெள்ளிக்காசு, கடலில் வீசிய வலை, வழிதவறிய ஆடு. நற்செய்தி நூல்களில் இயேசு எடுத்தாண்ட உவமைகள் பெரும்பாலும் கலிலேய மக்கள் வயலிலும் அடுக்களையிலும் கடற்கரையிலும் நாள்தோறும் கண்டவை. கேட்டோர் உழவர், மீனவர், வீட்டுப் பெண்டிர். அவர்கள் கையில் இருந்த பொருளையே காட்டி, கண்ணுக்குத் தெரியாததை விளக்கினார் அவர். இவ்வுவமைகளைத் தமிழில் பெயர்த்துத் தருவது ஒரு பணி. தமிழர்தம் அன்றாட வாழ்விலிருந்தே இத்தகைய பாடங்களைப் புதிதாகக் கண்டெடுப்பது வேறொரு பணி. இரண்டாம் பணியில் முன்னிற்பவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இவருக்குப் பிற்பட்டவர்; கத்தோலிக்கர். இருவரையும் ஒருவராகக் கொள்ளும் மயக்கம் மாணவரிடையே இன்றும் உண்டாதலால் இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

சாஸ்திரியாரின் பணி எத்தகையது என்றறிய, அவர் காலத்துக்கு முந்தைய நிலையைச் சற்றே நோக்குதல் வேண்டும். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. சபையில் பாடுவதற்கு செருமானியப் பாடல்களைத் தமிழாக்கி, அவற்றின் மூல மெட்டிலேயே பாடச் செய்தனர். பின்வந்த பெப்ரீசியுஸ் இப்பணியை மேலும் செம்மையாக்கினார். பக்தியில் இப்பாடல்கள் குறைந்தவை அல்ல. ஆயினும் தமிழ்ச் செவிக்கு அம்மெட்டுகள் அயலானவை. நாற்று நடும்போதோ நீர் இறைக்கும்போதோ தானாக வாயில் வந்து நிற்கும் பாட்டுகளாக அவை ஆகவில்லை.

இச்சூழலில் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயகத்தை, பன்னிரண்டாம் வயதளவில் தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்தவர் சுவார்ச் ஐயர். அவரிடமே பயின்ற மற்றொரு மாணவர் பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசி. மன்னராகப் போகிறவரும் கவிராயராகப் போகிறவரும் ஒரே ஆசிரியரின் மாணவர்கள். தரங்கம்பாடியில் இறையியலோடு மேனாட்டு வானியலையும் நிலவியலையும் கற்றுத் திரும்பிய வேதநாயகம், தஞ்சையில் ஆசிரியப் பணி ஏற்றார். அவரைச் சுற்றியிருந்த தஞ்சை இசையாலும் நாட்டியத்தாலும் நிரம்பிய ஊர். குறவஞ்சி அங்கே ஆடப்பெற்றது. கும்மியும் ஏற்றப்பாட்டும் தெருவிலும் வயலிலும் கேட்டன. புலவர் காதில் இவையெல்லாம் வீணே விழவில்லை.

அவர் இயற்றிய நூல்களின் பெயர்களை வரிசைப்படுத்தினாலே அவருடைய நோக்கம் விளங்கும். பெத்லகேம் குறவஞ்சி, ஞானத் தச்ச நாடகம், ஞான ஏற்றப்பாட்டு, ஞான நொண்டி நாடகம், சாஸ்திரக் கும்மி. தச்சன், ஏற்றம் இறைப்பவன், நொண்டி, கும்மியடிக்கும் பெண், குறி சொல்லும் குறத்தி என ஊரில் நாம் எதிர்ப்படும் மாந்தர் அனைவரும் அங்கே இருக்கின்றனர். 'ஞான' என்னும் ஓர் அடைமொழியை முன்னே சேர்த்து, அவர்தம் தொழிலையே மறைபொருளுக்கு வாயிலாக்கினார் சாஸ்திரியார்.

1800ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் பெத்லகேம் குறவஞ்சியைச் சான்றாகக் கொள்வோம். குறவஞ்சியின் அமைப்பை வாசகர் அறிவர். தலைவன் உலா வருவான், கண்ட தலைவி காதலால் வாடுவாள், குறத்தி வந்து மலைவளம் பாடி, கைபார்த்துக் குறி சொல்வாள், பரிசு பெறுவாள். அவளைத் தேடிச் சிங்கன் வருவான். நூவன் துணையோடு பறவை பிடிப்பான். சாஸ்திரியார் இந்த அமைப்பைக் குலைக்கவில்லை. பாட்டுடைத் தலைவர் பெத்லகேம் நாதர் ஆனார். காதல்கொண்ட தலைவி தேவமோகினி; அவள் திருச்சபையின் உருவகம். குறி சொல்லும் சிங்கி விசுவாசத்தின் உருவம். தலைவன் வருவானா என்று ஏங்குபவளுக்கு, வருவான் என்று உறுதி கூறுவதே குறத்தியின் தொழில். காணாததை உறுதியாகக் கொள்ளுதலே விசுவாசம் என்பது மறைநூலின் இலக்கணம். இரண்டும் எத்துணை இயல்பாகப் பொருந்துகின்றன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாட்டு வளம் கூறும் மரபை ஒட்டி, கோப்பர்நிக்கசின் வானியலும் உலக நிலவியலும் கூட இந்நூலுள் இடம்பெற்றுள்ளன.

ஏற்றப்பாட்டைத் தேர்ந்தது இன்னும் துணிவான செயல். மின்விசைப் பம்பு வாராத நாளில் துலா மரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் சாலைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பார். பாட்டு இன்றேல் கால் தளரும், எண்ணிக்கையும் தவறும். ஏற்றக்காரன் பாதியில் நிறுத்திப்போன பாட்டின் அடுத்த அடிக்காகக் கம்பரே காத்திருந்தார் என்னும் கதை, அப்பாட்டுக்குப் புலவர் உலகம் தந்த மதிப்பைக் காட்டும். பள்ளி செல்லாத உழைப்பாளி மூச்சும் வியர்வையுமாகப் பாடும் அந்த மெட்டில் விவிலியச் செய்தியை அமைத்தார் சாஸ்திரியார். மறையைக் கேட்க உழவன் ஆலயத்துக்கு வரும்வரை காத்திராமல், மறையை அவனுடைய கிணற்றடிக்கே கொண்டுசேர்க்கும் முயற்சி இது.

எனினும் அன்றாட வாழ்வில் உள்ள யாவற்றையும் அவர் தலையில் தூக்கி வைத்தார் அல்லர். நாளும் சகுனமும் பார்க்கும் வழக்கங்களைச் சாஸ்திரக் கும்மியில் கடுமையாகச் சாடினார். குறவஞ்சியில் குறி சொல்லவைத்தவரும் கும்மியில் குறி, சகுனங்களைக் கண்டித்தவரும் ஒருவரே. இதனை முரண் என்று நாம் கருதவில்லை. வாழ்விலிருந்து கற்பவன் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தெரிந்தே கற்கவேண்டும். அந்தத் தேர்வு அவரிடம் இருந்தது. ஆனால் அது எவ்விடம் வரை சென்றது, எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

1820களில் தஞ்சைக்கு வந்த புதிய தலைமுறை மறைபணியாளருக்கும் சாஸ்திரியாருக்கும் பிணக்கு மூண்டது. அவர் முறையிட்ட கொடுமைகள் நான்கு. பழகிய வேதமொழிபெயர்ப்பை மாற்றுதல், சாதி வேறுபாடின்றி நற்கருணையில் ஒன்றுசேரக் கட்டாயப்படுத்துதல், விழாக்களில் மலர் அணிவதை விலக்குதல், வழிபாட்டில் தமிழிசையை நிறுத்துதல். இந்நான்கையும் அவர் ஒரே வரிசையில் வைத்தார் என்பது கருதத்தக்கது. மலரையும் இசையையும் மறுப்பது தமிழ் வாழ்வை மறுப்பது என்றால், அதில் அவர் பக்கமே நியாயம். ஆனால் தஞ்சை ஆலயத்தில் வேளாளர் ஒருபுறமும் தாழ்த்தப்பட்டோர் மறுபுறமுமாகப் பிரிந்து அமரும் வழக்கத்தையும், மலரையும் இசையையும் போன்ற இன்னொரு வழக்கமாகவே அவர் காத்துநின்றார். சாதி உலகியல் ஒழுங்கு, அதற்கும் விசுவாசத்துக்கும் பகையில்லை என்பது அவரைச் சார்ந்தோர் வாதம். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேறுபாடு அறவே ஒழியவேண்டும் என ஆணையிட்டார். மேற்சாதிக் கிறித்தவர் பலர் அதனை ஏற்காது விலகினர்.

ஏற்றத்தை மிதித்தவர் யார்? வயலில் நீர் பாய்ச்சியவர் யார்? எவர் பாட்டைக் கேட்டு ஞான ஏற்றப்பாட்டு பிறந்ததோ, அவ்வுழைப்பாளர்களுள் பலர் ஆலயத்தில் தனியே உட்காரவைக்கப்பட்ட மக்களே ஆவர். அவர்களின் பாட்டில் பாடம் கண்ட புலவர், அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் பாடம் காணவில்லை. விருந்துக்குச் செல்பவன் முதன்மை இடத்தைத் தேடி அமரவேண்டாம் என்பதும் இயேசு அன்றாட வாழ்விலிருந்து சொன்ன பாடமே. உட்காரும் இடம் பற்றிய அந்தப் பாடம், ஞாயிறுதோறும் தஞ்சை ஆலயத்தில் எல்லாருடைய கண்ணெதிரிலும் இருந்தது.

சாஸ்திரியாரை இன்றைய அளவுகோலால் அளந்து தள்ளிவிடுவது எளிது. அவரோடு வழக்காடியவர்களும் முழுமையாகக் கற்றவர் அல்லர். இருக்கையில் சமன்மை வேண்டியவர்கள், தமிழனின் மலரிலும் மெட்டிலும் இறைவன் இருக்கக்கூடும் என்பதை ஏற்கவில்லை. மெட்டில் இறைவனைக் கண்டவர், பக்கத்து இருக்கையில் காணவில்லை. இரு திறத்தாரும் பாதிப் பாடம் படித்தவர்கள்.

காலம் இசையைப் பொறுத்தவரை சாஸ்திரியார் பக்கமே தீர்ப்பளித்தது. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் தொகுத்த கீர்த்தனை நூலில் அவர் பாடல்கள் மிகுதியாக இடம்பெற்றன. பல்லவி, அனுபல்லவி, சரணம் என அமைந்த அக்கீர்த்தனைகள் இன்றும் தமிழ்ச் சபைகளில் பாடப்பெறுகின்றன. இருக்கையைப் பொறுத்த வழக்கோ அவ்வளவு எளிதில் முடியவில்லை. சாதிவாரியாகப் பிரிக்கப்பட்ட கல்லறைகள் பற்றிய செய்திகள் இந்நூற்றாண்டிலும் தமிழகத்தில் வெளிவந்துள்ளன.

அன்றாட வாழ்வில் இறைப்பாடம் தேடுவோர் வானத்துப் பறவையையும் காட்டுப் பூவையும் எளிதில் கண்டுகொள்வர். அவை நம்மிடம் எதையும் கேட்பதில்லை. நம் இடத்தைச் சற்றே விட்டுக்கொடுக்கச் சொல்லும் பாடமே கண்ணில் படுவதற்குக் கடினமானது. ஞான ஏற்றப்பாட்டைப் படிக்கும்போது அதன் இனிமையோடு, துலா மரத்தின்மேல் நடந்தவனையும் நாம் நினைவில் கொள்வது நன்று.