எண்பது விநாடி அவகாசம்: வளைகுடாவில் கப்பல் எதிர்ப்பு ஏவுகணையும் தற்காப்பும், 1987–2016

கடல் மட்டத்தை ஒட்டிப் பறந்துவரும் எக்ஸோசெட் போன்ற ஏவுகணை, கப்பலின் ரேடாருக்கு ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில்தான் தென்படும். அதுவரை பூமியின் வளைவு அதை மறைத்துவிடுகிறது. ஒலியின் வேகத்தை நெருங்கி வரும் அது கப்பலை அடைய எண்பது விநாடிகள் போதும். அதற்குள் வருவது இன்னதென்று அறிந்து, உத்தரவிட்டு, வீழ்த்தியாக வேண்டும். ஹோர்முஸ் நீரிணையோ மிகக் குறுகிய இடத்தில் சுமார் 39 கி.மீ. அகலமே உடையது. எண்ணெய்க் கப்பலும் மீன்பிடிப் படகும் பயணிகள் விமானமும் நெருக்கியடிக்கும் இப்பகுதியில், ஆயுதக் குறைவைவிட அடையாளம் காண்பதில் நேர்ந்த தடுமாற்றமே அதிக உயிர்களைப் பறித்தது என்பது என் முடிவு.

ஈரான்–ஈராக் போர் நடந்துகொண்டிருந்த 1987 மே 17 இரவு, பஹ்ரைனுக்கு வடகிழக்கே சென்றுகொண்டிருந்த அமெரிக்க ஃபிரிகேட் 'ஸ்டார்க்' மீது ஈராக் விமானம் ஒன்று இரண்டு எக்ஸோசெட்டுகளை ஏவியது. முதலாவது வெடிக்கவில்லை, ஆனாலும் அதில் எஞ்சியிருந்த எரிபொருள் கப்பலுக்குள் தீயைப் பரப்பியது. இரண்டாவது வெடித்தது. 37 மாலுமிகள் இறந்தனர். ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தும் ஃபாலங்ஸ் பீரங்கி அக்கப்பலில் இருந்தது. தானாகச் சுடும் நிலையில் அது வைக்கப்படவில்லை. போதாததற்கு, அது பொருத்தப்பட்டிருந்தது பின்பகுதியில். முன்புறமிருந்து வருவதைக் கப்பலின் மேற்கட்டுமானமே மறைத்தது. கப்பலைத் திருப்பினால்தான் சுட வழி கிடைக்கும். விமானம் வருவது முன்பே தெரிந்திருந்தது. அது தாக்கும் என்று நம்பாததே பேரிழப்புக்குக் காரணம்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 18-இல் ஈரானின் ஏவுகணைப் படகு 'ஜோஷன்' ஏவிய ஹார்பூன் ஏவுகணையிடமிருந்து, ரேடாரைக் குழப்பும் சாஃப் இழைகளைத் தூவித் தப்பியது அமெரிக்கக் கப்பல் 'வெயின்ரைட்'. ஆனால் ஸ்டார்க் விதைத்த அச்சம் ஆறவில்லை. 1988 ஜூலை 3-இல், அந்நாளில் மிக நவீனமான ஏஜிஸ் வான்காப்பு அமைப்பைக் கொண்ட அமெரிக்கக் கப்பல் 'வின்சென்ஸ்', பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஈரான் ஏர் 655 விமானத்தைப் போர் விமானமென்று கருதிச் சுட்டது. 290 பேரும் மாண்டனர். வரவேற்கத் துபாயில் காத்திருந்த குடும்பங்களை நினைக்காமல் இந்தத் தொழில்நுட்ப வரலாற்றை எழுத என்னால் முடியாது. ஸ்டார்க்கில் சுடத் தயங்கியதும் இங்கே சுட அவசரப்பட்டதும் ஒரே நோயின் இரு குறிகள்.

வளைகுடாப் போரின்போது, 1991 பிப்ரவரி 25-இல் நிலைமை வேறு. குவைத் கரையைத் தாக்கிக்கொண்டிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் 'மிசூரி'யை நோக்கி ஈராக் ஏவிய சில்க்வார்ம் ஏவுகணையைப் பிரிட்டனின் 'கிளாஸ்டர்' கப்பல் தனது ஸீ டார்ட் ஏவுகணையால் வீழ்த்தியது. கடற்போரில் ஏவுகணையை ஏவுகணை வீழ்த்திய முதல் நிகழ்வாக இது குறிப்பிடப்படுகிறது. அதே வேளையில் அமெரிக்காவின் 'ஜாரெட்' கப்பலின் ஃபாலங்ஸ், மிசூரி தூவிய சாஃபை இலக்காகக் கொண்டு சுட, சில குண்டுகள் மிசூரியின் மீதே பாய்ந்தன. தானியங்கியும் தடுமாறும்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் கப்பல் கொள்கையில் இப்பாடங்களின் தடம் தெரிகிறது. 1980களின் தொடக்கத்தில் வாங்கிய பானி யாஸ் படகுகள் முதன்மையாக எக்ஸோசெட் ஏவும் தாக்குதல் படகுகள். 1990களில் வந்த முரே ஜிப் வகையில் குரோட்டேல் ஏவுகணையும் கோல்கீப்பர் பீரங்கியும் சேர்ந்தன. பிறகு வந்த பைனுனா கொர்வெட்டுகள் ஆறில் முதலாவது பிரான்ஸின் ஷெர்பூரில் உருவானது. மற்றவை அபுதாபியில் கட்டப்பட்டன. தொலைவில் தடுக்க இ.எஸ்.எஸ்.எம்., அதைத் தாண்டி வருவதற்கு ராம் என இரண்டடுக்கு ஏவுகணைக் காப்பு அவற்றில் உண்டு. முதல் அடுக்கு தவறினாலும் மறுவாய்ப்பு இருப்பதால் இதுவே சரியான திசை.

எனினும் 2016 அக்டோபர் 1-இல் பாப் அல்-மந்தப் நீரிணை அருகே ஏமனின் ஹூதி படையினரின் தாக்குதலில் எரிந்தது கொர்வெட் அல்ல. அமீரகம் இயக்கிய 'ஸ்விஃப்ட்' என்ற அலுமினியப் போக்குவரத்துக் கப்பல். அதற்கு இத்தகைய கவசம் எதுவும் கிடையாது. எட்டு நாள் கழித்து அதே பகுதியில் ஏவுகணைகளால் குறிவைக்கப்பட்ட அமெரிக்காவின் 'மேசன்' நாசகாரி, எஸ்.எம்.-2, இ.எஸ்.எஸ்.எம். ஏவுகணைகளோடு நல்கா என்னும் ஏமாற்றுக் கருவியையும் ஏவித் தப்பியது. துறைமுகங்களுக்குச் சரக்கையும் காயமுற்றோரையும் ஏற்றிச்செல்லும் கப்பல்களுக்கு மேசன் போன்ற துணைக்கப்பல் ஒன்றை உடன் அனுப்புவது வளைகுடா நாடுகளின் கடற்படைகளுக்கு இன்னும் முடிக்காத கடமை.