பாளையம்: படை இறங்கிய இடம்

சித்தூரிலிருந்து பலமநேர் போகும் வழியில் இருக்கிறது பங்காருபாளையம். பாளையம் என்றால் படை இறங்கித் தங்கும் இடம். தமிழ் விவிலியத்தில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் பாளயம் இறங்குவதும் பெயர்வதும் இந்தப் பழைய பொருளில்தான்.

விஜயநகர, நாயக்கர் ஆட்சிகளில் பொருள் விரிந்தது. அழைத்தபோது ஆட்களோடு வந்து நிற்பதாக ஒப்புக்கொண்டவருக்குச் சில ஊர்கள் கிடைத்தன. அந்த ஊர்களும் பாளையம் ஆயின. அவர் பாளையக்காரர், தெலுங்கில் பாளெகாரு, வெள்ளைக்காரர் எழுத்தில் போலிகார். படை மட்டும் அவர் கடமை அல்ல. ஊரில் மாடு களவு போனால் மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். அதற்காகவே குடிகள் காவல் வரி கொடுத்தார்கள். குடிகளுக்கும் அவருக்கும் இருந்த உண்மையான பிடிப்பு இந்தக் காவல்தான் என்பது என் எண்ணம்.

விஜயநகரத்தின் பிற்காலத் தலைநகரான சந்திரகிரி திருப்பதிக்கு அருகே இருக்கிறது. அதனால் சுற்றிலும் பாளையங்கள். 1639இல் சென்னைக் கடற்கரையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரும் காளஹஸ்திப் பாளையக் குடும்பத்தவரே.

1801இல் கர்நாடக நவாபின் நாடு கம்பெனி கைக்கு வந்தது. மறு ஆண்டே காளஹஸ்தி, வேங்கடகிரி, கார்வேட்டிநகரம் ஆகிய பாளையங்களுக்குச் சன்னது என்னும் உரிமைப் பத்திரம் எழுதப்பட்டது. படைச் சேவை வேண்டாம், பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்டினால் போதும். பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். அயர்லாந்தில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1540களில் இதையே செய்தார்: குலத்தலைவர்கள் தங்கள் நிலத்தை மன்னரிடம் ஒப்படைத்து, ஆங்கிலப் பட்டத்தோடு அவரிடமே திரும்பப் பெற்றார்கள். ஓ'நீல் குலத்தலைவர் 1542இல் டைரோன் பிரபு ஆனது அப்படித்தான். சொந்த உரிமை, அரசர் மனம் வைத்துக் கொடுத்த தானமாக மாறிவிட்டது.

சித்தூரின் சிறு பாளையங்கள் அடங்கவில்லை. பங்காரி, நரகண்டி, கல்லூர், புலிச்செர்லா, பாகாலா போன்றவை இருந்த மலைக்காட்டுப் பகுதியில் 1804இல் கிளர்ச்சி மூண்டது. கம்பெனி படை அனுப்பி ஒடுக்கியது. பாளையக்காரர் போர் என்றதும் நாம் பாஞ்சாலங்குறிச்சியோடு நின்றுவிடுகிறோம். 1911 வரை வட ஆற்காடு மாவட்டமாக இருந்த மண்ணின் இந்தப் போரும் அதே வரிசையில் எழுதப்பட வேண்டும்.

ஜமீன்களை 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. இன்று தெலுங்கில் பாளெம் என்றால் சிற்றூர், அவ்வளவே.