பாகவதரா? இருக்கவே இருக்காது!

திருச்சி காந்தி மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போகிறவர்கள், கொஞ்சம் நேரம் இருந்தால் சங்கிலியாண்டபுரம் வரை ஒரு நடை போய்வாருங்கள். தூரம் அதிகமில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதரின் சமாதி அங்கேதான் இருக்கிறது. தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார், கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, பிறகு அப்பீலில் விடுதலையான மனிதர்.

பாகவதர் பிறந்தது மாயவரத்தில், 1910-ல். பொற்கொல்லர் குடும்பம், பிழைப்பு தேடித் திருச்சிக்கு வந்தது. பையனின் குரலில் சொக்கிப்போன ரயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேசய்யர், தன் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். 1934-ல் ‘பவளக்கொடி’, 1937-ல் ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’... ஊரில் பாதிப் பேர் தலையில் பாகவதர் கிராப்! தங்கத் தட்டில்தான் சாப்பிடுவார் என்பார்கள். அவர் வருகிறார் என்று தெரிந்தால் ரயிலையே மறித்து நிறுத்திவிடுவார்கள் என்பார்கள். திருச்சியில் அந்தக் கதைகள் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்து, இன்னும் தீர்ந்தபாடில்லை. ‘அந்தக் கொலை கேஸ்...’ என்று ஆரம்பித்துப் பாருங்கள். ‘‘பாகவதராவது, கொலையாவது! பொறாமைப்பட்டவங்க மாட்டிவிட்டுட்டாங்க சார்!’’ என்று பதில் பட்டென்று வரும். வழக்கு விவரம் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. ஆனால், தீர்ப்பு தயார்!

சரி, செத்துப்போனது யார்?

சி.என். லட்சுமிகாந்தன். இவரைப் பற்றி எழுதும்போது ‘அவன்’ என்று எழுதுவதுதான் பலருக்கும் வழக்கம். நாம் ‘அவர்’ என்றே வைத்துக்கொள்வோம், கத்திக்குத்துப்பட்டுச் செத்த மனிதர். போர்ஜரி வழக்கில் ஏற்கெனவே ஜெயிலைப் பார்த்தவர். 1943-ல் ‘சினிமா தூது’ என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். எந்த நடிகர் எந்த நடிகை வீட்டுக்குப் போனார் என்பதுதான் அதன் தலைப்புச் செய்தி, தலையங்கம் எல்லாம். எழுதாமல் இருக்கப் பணம் வாங்கினார் என்பது அவர் மீதான புகார். பாகவதர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், கோவை பட்சிராஜா ஸ்டுடியோ ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னரிடம் மனு கொடுத்தார்கள். லைசென்ஸ் போயிற்று. மனிதர் அசரவில்லை. ‘இந்துநேசன்’ என்ற இன்னொரு பத்திரிகையைக் கையில் எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் பத்திரிகையை வாங்கினது யார்? பொதுஜனம்தான். காலையில் ‘இந்துநேசன்’ வாங்கி மடியில் செருகிக்கொண்டவர், சாயங்காலம் பாகவதர் படத்துக்கு க்யூவில் நின்றார். இரண்டுக்கும் ஒரே சட்டைப் பையிலிருந்துதான் காசு போனது.

1944 தீபாவளிக்கு, அக்டோபர் 16-ல், ‘ஹரிதாஸ்’ வெளியாயிற்று. மூன்றே நாளில், 19-ம் தேதி, லட்சுமிகாந்தன் மீது முதல் தாக்குதல். தப்பித்தார். நவம்பர் 8-ம் தேதி காலையில் சென்னை வேப்பேரியில் தன் வக்கீல் நண்பரைப் பார்த்துவிட்டு ரிக்ஷாவில் திரும்பிக்கொண்டிருந்தார். ஜெனரல் காலின்ஸ் ரோட்டில் வழிமறித்துக் குத்தினார்கள். குத்துப்பட்டவர் மறுபடி வக்கீல் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொல்லி, அங்கிருந்து ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு ரிக்ஷாவிலேயே போனார். பிழைத்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் விடியற்காலை உயிர் போய்விட்டது.

டிசம்பரில் கைதுகள் நடந்தன. பாகவதர், கலைவாணர், ஸ்ரீராமுலு நாயுடு... மொத்தத் தமிழ்நாடும் வாயடைத்துப் போயிற்று.

சென்னை ஹைகோர்ட் செஷன்ஸில், ஜூரிகள் முன்னால் விசாரணை. ஜூரி என்றால் பொதுமக்களிலிருந்து பொறுக்கி எடுத்த ஒன்பது பேர். அவர்களும் சினிமா பார்த்தவர்கள், பேப்பர் படித்தவர்கள், திண்ணையில் பேசினவர்கள்தானே! பெரும்பான்மை ஜூரிகள் பாகவதரும் கலைவாணரும் குற்றவாளிகள் என்றார்கள். நாயுடு விடுதலை. 1945 மே மாதம், இரண்டு நட்சத்திரங்களுக்கும் ஆயுள் தண்டனை.

ஆனால் ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டே இருந்தது! சென்னை பிராட்வே தியேட்டரில் 1944, 45, 46 என்று மூன்று தீபாவளிகளைப் பார்த்த படம் அது. பெற்றோரைக் கொடுமைப்படுத்தி, கால்களை இழந்து, பிறகு மனம் திருந்துகிறவனின் கதை. திரையில் கதாநாயகன் தன் பாவத்துக்கு அழுகிறான். நிஜத்தில் அவர் சிறைக்கம்பிக்குப் பின்னால் இருக்கிறார். அதே படத்தில் சிரிக்க வைக்கும் கலைவாணரும் அங்கேதான் இருக்கிறார். ஜூரி ‘குற்றவாளி’ என்றது, டிக்கெட் கவுன்ட்டர் ‘இல்லை’ என்றது. அந்த நாளில் கருத்துக்கணிப்பெல்லாம் ஏது? இதைவிட நல்ல கணக்கும் கிடைக்காது.

படம் எடுப்பவர்கள் மட்டும் வேறு கணக்குப் போட்டார்கள். பாகவதர் நடிப்பதாக இருந்த ‘உதயணன்’ படத்தில் சங்கீத வித்வான் ஜி.என். பாலசுப்பிரமணியம் நடித்தார்.

அப்பீல் விவகாரம் சுவாரஸ்யமானது. ஹைகோர்ட்டில் ஜூரி சொன்ன முடிவின் மேல், உண்மைகளைக் கிளறி அப்பீல் செய்யும் வழியே 1943-ல்தான் சட்டத்தில் வந்தது. புதுச் சட்டத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் குழப்பம். ஜூரியின் முடிவு அடியோடு அபத்தமாக இருந்தாலொழிய நாங்கள் கை வைக்க மாட்டோம் என்கிற தோரணையில் ஹைகோர்ட் அப்பீலைத் தள்ளிவிட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. ‘அப்படியில்லை, சாட்சியத்தை நீங்களே எடைபோட்டுப் பார்க்க வேண்டும்’ என்று அங்கிருந்து வழக்கு திரும்பி வந்தது. வேறு நீதிபதிகள் மறுபடி விசாரித்தார்கள். வி.எல். எத்திராஜ் வாதாடினார். அப்ரூவராக மாறினவரின் பேச்சை நம்பி ஆயுள் தண்டனை கொடுக்க முடியாது என்று ஆனது. 1947 ஏப்ரல் 25-ம் தேதி இருவரும் விடுதலை. அவர்களை வெளியே கொண்டுவந்தது ரசிகர்களின் பாசம் அல்ல. சாட்சியத்தில் இருந்த ஓட்டைகள்தான்.

இப்படிப்பட்ட வழக்குகளில் ஜனங்களின் மனசு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, இங்கிலாந்தில் நடந்த ஒரு கால்பந்து வீரர் கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செட் எவன்ஸ், வேல்ஸ் நாட்டு ஆட்டக்காரர். பாலியல் வன்முறை வழக்கில் 2012 ஏப்ரலில் ஐந்து வருஷத் தண்டனை. 2014 அக்டோபரில் வெளியே வந்தார். பழைய கிளப்பான ஷெஃபீல்டு யுனைடெட் ‘வந்து பயிற்சி செய்துகொள்’ என்றதும் ஊரே எழுந்தது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஒலிம்பிக் தங்கம் வென்ற அந்த ஊர்ப் பெண் ஜெசிகா என்னிஸ், ‘அவரைச் சேர்த்தால் மைதானத்தில் என் பெயரில் இருக்கும் ஸ்டாண்டிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள்’ என்றார். கிளப் பின்வாங்கியது. 2016 ஏப்ரலில் அப்பீல் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது. அக்டோபரில் மறுவிசாரணை நடத்திய ஜூரி ‘குற்றவாளி அல்ல’ என்றது.

இன்னொரு பக்கமும் உண்டு. முதல் தீர்ப்பு வந்தவுடனேயே அவருடைய ஆதரவாளர்கள் சிலர், புகார் கொடுத்த பெண்ணின் பெயரை இணையத்தில் போட்டு வசைபாடினார்கள். பெயரை வெளியிடுவது அங்கே குற்றம். ஒன்பது பேர் கோர்ட்டில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். விடுதலைத் தீர்ப்பு வந்தால் புகார் சொன்னவர் பொய்யர் என்று சட்டம் சொல்லவில்லை. ஜனங்கள்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்.

நம்ம ஊரிலும் அதேதான். ‘பாகவதர் செய்திருக்க மாட்டார்’ என்று சொன்ன வாய், ‘லட்சுமிகாந்தன் செத்தால் என்ன?’ என்றும் சேர்த்தே சொன்னது. மஞ்சள் பத்திரிகைக்காரனைக் குத்தலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பாகவதரும் கலைவாணரும் இல்லையென்றால் கொல்லச் சொன்னது யார்? அதற்கு இன்றுவரை பதில் இல்லை. கேட்கவும் ஆளில்லை.

பாகவதர் வெளியே வந்த பிறகு என்ன ஆயிற்று? பம்பாய் பக்கம் பூனாவில் போய், சொந்தக் காசைப் போட்டு ‘ராஜமுக்தி’ எடுத்தார். 1948-ல் வெளிவந்து படுத்துவிட்டது. ‘அமரகவி’, ‘சியாமளா’, ‘புதுவாழ்வு’ எதுவும் பழைய பாகவதரைத் திருப்பித் தரவில்லை. ‘கேஸ்தான் அவரை அழித்துவிட்டது’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. காரணம், கலைவாணர்! அதே வழக்கு, அதே தண்டனை, அதே நாளில் விடுதலை. அவர் உள்ளே இருந்தபோது மனைவி டி.ஏ. மதுரம் நாடகக் குழுவை நடத்தி வழக்குச் செலவைச் சமாளித்தார். வெளியே வந்த மனிதர் 1949-ல் ‘நல்லதம்பி’, 1951-ல் ‘மணமகள்’ என்று பழைய உற்சாகத்தோடு கிளம்பிவிட்டார். ஜனங்கள் கொலைகாரர் என்று நினைத்திருந்தால் அவருக்கு மட்டும் எப்படிக் கைதட்டினார்கள்?

சினிமா மாறிக்கொண்டிருந்தது, ஸ்வாமி! பாட்டுப் போய் வசனம் வந்த காலம். 1952-ல் ‘பராசக்தி’ வந்தபோது, பக்கம் பக்கமாகப் பேசுகிற கதாநாயகன்தான் வேண்டியிருந்தான். பாடியே ஜெயித்தவருக்கு அந்த மாற்றத்தோடு சேர்ந்து நடக்க இரண்டேகால் வருஷம் தேவைப்பட்டது. அந்த இரண்டேகால் வருஷமும் ஜெயிலில் போயிற்று. சிறை அவருடைய ரசிகர்களைப் பறிக்கவில்லை. நேரத்தைப் பறித்தது, கையிருப்பைப் பறித்தது. கலைவாணரின் நகைச்சுவைக்கு அந்த நஷ்டம் வரவில்லை, வசன காலத்தில் அதற்கு இன்னும் கிராக்கி!

சர்க்கரை நோய் முற்றி, கண் பார்வை மங்கிப்போய், 1959 நவம்பர் 1-ம் தேதி பாகவதர் இறந்தார். வயது 49. இறந்தது சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில். பதினைந்து வருஷம் முன்னால், குத்துப்பட்ட லட்சுமிகாந்தன் ரிக்ஷாவில் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். பாகவதரின் உடலைத் திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள்.